வாக்கிங் போகிறவரும் நடந்து போகிறவளும்

பேச்சுத்தமிழில் நடப்பதற்கு இன்று இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்று 'நடந்து போறது'. இன்னொன்று 'வாக்கிங் போறது'. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், புல்லுக்கட்டோடு வருகிறவர், தூக்குச்சட்டியோடு சித்தாள் வேலைக்குக் கிளம்பியவர், ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கிறவர் எல்லோரும் நடந்து போகிறவர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கி ஊழியர், சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் சொல்லிப் பயந்துபோன மனை வியாபாரி ஆகியோர் வாக்கிங் போகிறவர்கள். கால் ஒன்றுதான், சாலையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் 'சார் வாக்கிங் போயிருக்கார்' என்னும்போது அவர் எங்கும் போகவில்லை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவார் என்கிற உத்தரவாதம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'நடந்தா வந்தே?' என்று ஒருவரைக் கேட்கும்போதோ அதில் இரக்கமோ ஏளனமோ, சமயத்தில் இரண்டுமோ, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளூர்த் தார்ச்சாலைகளை ஒட்டி நடைப்பயிற்சிப் பாதை அமைப்பது இன்று எல்லா ஊரிலும் நடந்துகொண்டிருக்கிறது. ஏரிக்கரைச் சாலை, வாய்க்கால் ஓரம், கலெக்டர் ஆபீஸ் ரோடு என்று சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் கல் பதித்து, இரும்புக் கம்பி வேலி போட்டு, அலங்காரப் பனை நட்டு ஒரு பாதை முளைக்கிறது. இந்தப் பாதை எப்படித் திட்டமிடப்படுகிறது, எந்த உடலை மனதில் வைத்து அளக்கப்படுகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். 'சார், நீங்க தமிழ் எம்.ஏ., இதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர்' என்று எங்கள் ஊர்ப் பொறியாளர் ஒருவர் சொன்னார். தொழில்நுட்பம் என்ற சொல் நம்மிடம் பெரும்பாலும் 'இதற்குமேல் கேட்காதே' என்ற பொருளில்தான் புழங்குகிறது. ஆகவே கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அவர் நினைப்பதுபோல் அதில் ஒன்றும் தேவரகசியம் இல்லை.

எங்கள் ஊர் ஏரிக்கரைச் சாலையில் இட்லி விற்கும் ஓர் அக்கா இருந்தார். விடிகாலை நாலரைக்கு அடுப்புப் பற்றவைப்பார். பெட்ரோமாக்ஸ் காலம் போய் எல்இடி பல்பு, பேட்டரி. பால்காரர்கள், மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகும் பெண்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்த மில்காரர்கள் அவரைச் சுற்றி இருப்பார்கள். அந்த வெளிச்சத்தையும் ஆள்நடமாட்டத்தையும் நம்பித்தான் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் ஐந்து மணிக்கு வாக்கிங் வர ஆரம்பித்தார்கள். பிறகு பாதை வந்தது. பாதைக்கு இடைஞ்சலென்று அக்காவின் வண்டி போயிற்று. உயரமான விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். சில மாதங்களில் பாதி விளக்குகள் அவிந்தன. அந்தப் பெண்கள் இப்போது மொட்டை மாடியில் நடக்கிறார்கள். பாதை இருக்கிறது, நடந்தவர்கள்தான் இல்லை. தெருவைக் காப்பது போலீஸ் அல்ல, அதில் இயல்பாகப் புழங்குகிறவர்களின் கண்கள்தான் என்று ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றிய புத்தகத்தில் 1961லேயே எழுதிவிட்டார். அக்கா அதைப் படித்ததில்லை. 'நான் இருந்தவரைக்கும் ஒரு பய செயினைத் தொட்டானா, சொல்லு தம்பி?' என்று கேட்டார். கோட்பாடு அவ்வளவுதான்.

இப்போது இரண்டாம் கட்டம் வரப்போகிறது. ஏரியிலிருந்து வாய்க்கால் கரையோடு பைபாஸ் வரைக்கும். அந்தக் கரையில் பட்டா இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இதைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. பெரும்பாலான தோழர்கள் 'நடைப்பயிற்சிப் பாதையே நடுத்தர வர்க்கத்தின் சொகுசு, மொத்தமாக எதிர்ப்போம்' என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நீளத்திலிருந்து தொடங்கலாம். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒரு பாதை, ஒவ்வொன்றும் 8 கிலோமீட்டர். டோக்கியோவில் பார்த்த பாதையே இதற்குத் தூண்டுதல் என்று அறிவித்தார்கள். அதென்ன 8 கிலோமீட்டர்? ஏறக்குறைய பத்தாயிரம் காலடி. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மறுவருடம் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. ஒரு விற்பனைப் பெயர் மருத்துவ உண்மையாகிப் பிறகு அரசாங்க அளவாகிவிட்டது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வு, சுமார் 7500 அடிகளுக்கு மேல் பயன் கூடவில்லை என்றது. எண் தவறு என்பதல்ல என் பிரச்சினை. நடை என்பது எண்ணப்படும் ஒன்றாக மாறியதும் அது சேருமிடத்தை இழந்துவிடுகிறது என்பதுதான். எங்கே போனாய் என்ற கேள்வி போய், எவ்வளவு போனாய் என்ற கேள்வி வந்துவிட்டது.

இதனால் பாதையின் வடிவமே மாறுகிறது. வாக்கிங் பாதை வட்டமாக இருந்தால் போதும். நடந்து போகிறவளுக்கு வேண்டியது கோடு: வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, சுடுகாடு. எங்கள் ஏரிப் பாதை பூங்கா வாசலில் தொடங்கிப் பூங்கா வாசலிலேயே முடிகிறது. அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குப் பாதை கிடையாது. ஜல்லி லாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். (வட்டமெல்லாம் சொகுசு என்றும் சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் வட்டம்தான். தார்ச்சாலையோடு ஒட்டிய நடைவழிதான். ஆனால் அது நடப்பவர்களால் உண்டானது. எட்டு லிங்கம், மண்டபம், சாமியார், பிச்சைக்காரர், சுக்குக்காபி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாதை. அவர்களை 'அப்புறப்படுத்தி'விட்டால் மிஞ்சுவது தார் மட்டுமே.)

அடுத்தது அகலம். இந்தியச் சாலைப் பேரவை 2012இல் திருத்தி வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான நெறிமுறை நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பார்க்கிறது. கட்டடங்களை ஒட்டி ஒரு பட்டை. கடையை வேடிக்கை பார்ப்பவர் நிற்பதும் கதவு திறப்பதும் அதில். நடுவில் ஆள் நடக்கும் பட்டை. இது குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். சாலையை ஒட்டி மூன்றாவது பட்டை. மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, உட்காரும் பெஞ்சு, தெருக்கடை எல்லாம் அதில். நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்களிலோ முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டு, கிழவி ஏறமாட்டேன் என்கிறாளே என்று வருத்தப்படுகிறார்கள். தெருக்கடை அந்த மூன்றாவது பட்டையில் இருக்க வேண்டியது என்பது அரசாங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும் அவர்களுக்கு வாழ்வாதாரப் பாதுகாப்பைத் தருகிறது. இட்லிக்கார அக்காவை அகற்றியதற்கு எந்தத் தொழில்நுட்பமும் காரணமில்லை. மூன்று பட்டைக்கும் இடம் இருந்தது. 'பார்க்க நல்லா இருக்காது' என்ற அழகியல்தான் காரணம். இந்த அழகியல் யாருடையது என்று நாம் கேட்கத்தானே வேண்டும்? பிரதிகளின் அழகியலைப் பற்றி இவ்வளவு பக்கங்கள் எழுதுகிறோம்.

பொறியாளர்கள் உண்மையாகவே தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதை நான் 'வாய்' என்று சொல்கிறேன். சாலையை ஒட்டிப் போகும் பாதையை ஒவ்வொரு வீட்டு கேட்டும், பெட்ரோல் பங்கும், குறுக்குத் தெருவும் வெட்டுகின்றன. இப்படி ஒரு வாய் திறக்கும் இடத்தில்தான் விபத்து. தெருவிலிருந்து வண்டியைத் திருப்புகிறவர் சாலையைப் பார்க்கிறார். பாதையில், அதுவும் எதிர்த்திசையிலிருந்து, வருகிற சைக்கிள் பையனைப் பார்ப்பதில்லை. சாலையோரப் பாதை பார்வைக்குப் பத்திரமாகவும் நடைமுறையில் ஆபத்தாகவும் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். அமெரிக்க வழிகாட்டிகளிலும் இந்த எச்சரிக்கை உண்டு. சாலை விளிம்புக்கும் பாதைக்கும் இடையே குறைந்தது ஐந்தடி விடச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் தடுப்பு வைக்கச் சொல்கிறார்கள். வாய்கள் நெருங்கி இருக்கும் தெருவில் தனிப்பாதை போடுவதைவிட வண்டியின் வேகத்தைக் குறைப்பதே மேல். வாய்கள் குறைவாக உள்ள பக்கம் கிடைத்தால் அந்தப் பக்கம் பாதையைக் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் கைவிடப்பட்ட ரயில் தடங்களை நடைவழிகளாக்கி வெற்றி கண்டது இதனால்தான். ரயில் தடத்துக்கு யாரும் வீட்டு வாசல் வைப்பதில்லை.

நம்மூரில் வாயில்லாத பக்கம் எது? ஏரிக்கரை, ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், தண்டவாள ஓரம். ஆனால் அந்தப் பக்கங்களில்தான் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பட்டா இல்லாத வீட்டு வாசல் வரைபடத்தில் வாசலாக விழாது. எங்கள் ஊர் இரண்டாம் கட்ட வரைபடத்தைப் பார்த்தேன். வாய்க்காலின் தென்கரை காலியாக, ஒரே பச்சை வர்ணமாக இருந்தது. அங்கே அடுப்பெரியும் வீடுகளை எனக்கே தெரியும். 'வாய்கள் குறைவு' என்று பொறியியல் சொல்லும்போது, 'வாயில்லாதவர்கள்' என்று அரசியல் அதை வாசிக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியதை நாம் பார்த்தோம். வெள்ளத்தின் பெயரால் காலியான கரைகள் பிறகு அழகின் பெயரால் திட்டமாகின்றன. வடகரையில் ரைஸ் மில் காம்பவுண்டுச் சுவர் நீளமாக இருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டே இரண்டு கேட்டுகள். பொறியியல்படி அதுதான் சரியான பக்கம். ஆனால் மில்காரர் சாலை நிலத்தில் கொஞ்சம் உள்ளே வந்து சுவர் எடுத்திருக்கிறார். அந்த 'ஆக்கிரமிப்பு' யார் கண்ணிலும் படவில்லை.

நெதர்லாந்தைக் காட்டிப் பேசாத திட்ட அறிக்கை இன்று கிடையாது. சைக்கிள் பாதை, பூந்தொட்டி, சிரிக்கும் குழந்தை. அந்தப் பாதைகள் சுற்றுலாத்துறை தந்தவை அல்ல என்பதை மட்டும் அறிக்கைகள் சொல்வதில்லை. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஒரு இயக்கம் எழுந்தது. தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் ஜனங்கள் சேர்ந்து தொடங்கிவைத்த 'வூனெர்ஃப்' என்ற தெரு வகை 1976இல் சட்டமாயிற்று. அங்கே நடப்பவருக்கே முதல் உரிமை. வண்டி ஆள்நடை வேகத்தில் ஊர்ந்து வர வேண்டும். தனிப்பாதையே அதில் கிடையாது. தெருவே பாதை. பாதை வேண்டுமா, வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்வியை அவர்கள் இடம் பார்த்து மாற்றி மாற்றி விடைசொன்னார்கள். நாம் வேகத்தின் பக்கமே போகாமல், ஓரத்தில் கல் பதித்துவிட்டு வந்துவிடுகிறோம். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. வாக்கிங் போனவர்கள் எத்தனை, நடந்து போனவர்கள் எத்தனை என்று அரசாங்கக் கணக்கில் பிரிவு இல்லை. அங்கே மட்டும் சமத்துவம்.

இனி, தோழர்களோடு நான் முரண்படும் இடத்துக்கு வருகிறேன். ஓய்வு என்றாலே மேட்டுக்குடிச் சரக்கு என்று நினைப்பது சரித்திரம் தெரியாத பேச்சு. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் சில நூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளிகள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர். வாரமெல்லாம் ஆலைப் புகையில் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலையில் நடக்க ஆசைப்பட்டார்கள். நிலப்பிரபுக்கள் அதைக் கௌதாரி சுடுவதற்காக அடைத்து வைத்திருந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்ததற்குப் பின்னணியில் இந்த நடையும் இருக்கிறது. அங்கே இன்னொரு சட்டமரபும் உண்டு. ஒரு வழியில் ஜனங்கள் இருபது வருடம் தடையின்றி, உரிமையாக நடந்திருந்தால் அது பொதுவழி என்று கொள்ளப்படும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இது இருக்கிறது. பாதை கொடுக்கப்படுவதல்ல, நடந்து உண்டாக்குவது என்பது அங்கே சட்டமே.

நம்மிடம் இது புதிதா என்றால் அதுவும் இல்லை. பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். 'மாமூல் வண்டிப்பாதை, நடைபாதை பாத்தியம் உள்பட' என்று இருக்கும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலும் இருபது வருடக் கணக்கு உண்டு. பத்திரத்தில் 'நடைபாதை' என்பது ஒரு பாத்தியம். நகராட்சிப் போர்டில் அதே சொல் ஒரு வசதி. பாத்தியத்தைப் பறித்தால் வழக்குப் போடலாம். வசதியை நிறுத்தினால் மனுதான் கொடுக்கலாம். ஒரு சொல் உரிமையிலிருந்து சலுகைக்குச் சரிந்த கதை இது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவின் கீழான உரிமை என்று சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014லேயே, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை வகுத்தது. காகிதத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல.

இந்த நிலத்தில் நடை எப்போது வெறும் நடையாக இருந்தது? 1924–25 வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடப்பதற்காக. பொதுப்பணத்தில் பராமரிக்கப்பட்ட சாலை. கிறிஸ்தவரும் முஸ்லிமும் போகலாம், ஈழவரும் புலையரும் போகக் கூடாது. பெரியார் இரண்டு முறை சிறைப்பட்டார். கடைசியில் வடக்கு, தெற்கு, மேற்குச் சாலைகள் திறந்தன. கிழக்குப் பக்கத்தில் தடை நீடித்தது. எவ்வளவு துல்லியமான 'திட்டமிடல்' பாருங்கள்! எத்தனையோ ஊர்த் தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்ததும் சரித்திரம்தான். அந்தத் தெருக்களின் ஓரத்தில் நாளைக்கு ஒரு நடைப்பயிற்சிப் பாதை வரும். யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். சேரியிலிருந்து அந்தப் பாதைக்கு வருகிற வழி மட்டும் மண்ணாகவே இருக்கும். தடை இன்று பலகை மாட்டிக்கொண்டு நிற்பதில்லை, இணைப்பு இல்லாமல் போவதாக இருக்கிறது. ஆகவே ஒரு பாதைத் திட்டத்தை வாசிக்கும்போது அது எங்கே போகிறது என்பதோடு எங்கே போய்ச் சேராமல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓய்வாக நடக்கிற உரிமை சேரிப் பெண்ணுக்கும் வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. நீரிழிவு இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு இருப்பதாக 2023இல் ஆய்வு வந்தது. அது மனை வியாபாரிக்கு மட்டும் வருகிற வியாதி அல்ல.

அப்படியென்றால் பாதையை எந்த உடலிலிருந்து தொடங்கி அளப்பது? இதற்குப் பதில் எங்கள் ஊர் எல்லையிலேயே நிற்கிறது. செங்குத்தாக இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல். சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கிவைத்து, மறுபடி குனியாமல் தலைக்கு ஏற்றிக்கொள்ளக் கணக்கான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக இன்னொருத்தியின் சுமையைத் தாங்கும் கல். சாவடி, தண்ணீர்ப்பந்தல், சாலையோர மரம் எல்லாம் இந்த வரிசைதான். மங்கம்மாள் பெயரை இன்றும் தென்மாவட்டத்துச் சாலைகள் சுமப்பது இதற்காகத்தான். இவையெல்லாம் சுமையோடு, வெயிலில், தூரம் போகிற உடலை மனதில் வைத்தவை. இன்றைய பாதையின் பெஞ்சு கைவீசி நடக்கிற உடலுக்கானது. ஏரிக்கரைப் பாதைக்காக எங்கள் சுமைதாங்கியைப் பெயர்த்துப் பூங்காவுக்குள் 'பாரம்பரியச் சின்னம்' என்று நட்டுவைக்க யோசனை இருக்கிறதாம்.

நேரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வாக்கிங் பாதை காலை ஐந்து முதல் ஏழு மணிக்கான பாதை. அந்நேரத்தில் நிழல் தேவையில்லை, ஆகவே அலங்காரப் பனை போதும். ரேஷன் கடையிலிருந்து அரிசியோடு வருகிறவள் பகல் ஒரு மணிக்கு வருகிறாள். அவளுக்கு வேப்பமரமோ புங்கமரமோ புளியமரமோ வேண்டும். பிற்பகல் வெயிலைத் தடுக்கிற மாதிரி பாதைக்கு மேற்கே மரவரிசை வேண்டும். இருட்டு வேளைகளில் சாலையோரம் இன்னொரு பயன்பாடும் இருந்தது. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் அந்த இருட்டை நம்பியிருந்தார்கள். கக்கூஸ் கட்டித் தராமல் விளக்கு மட்டும் நட்டால் அது யாருக்கு வெளிச்சம்? விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது முதலில் என்றுதான் கேட்கிறேன்.

நகரத்தை மேலேயிருந்து வரைபடமாகப் பார்க்கிறவனின் நகரமும், கீழே காலால் நடந்து எழுதுகிறவனின் நகரமும் வேறு வேறு என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் து செர்த்தோ சொல்வார். நம்மவர்கள் அவரை மேற்கோள் காட்டி அலுத்துவிட்டோம். ஆனால் அதைவிடப் பழைய, பயனுள்ள ஒரு பிரதி நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதிக்குப் பாதி ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பசியோடு நடக்கும் கூத்தருக்கும் பாணருக்கும், ஏற்கனவே அந்த வழியில் நடந்து வந்த ஒருவர் வழி சொல்வது அதன் அமைப்பு. மன்னனைப் புகழும் சமாச்சாரத்தை ஒதுக்கிவிட்டு மலைபடுகடாத்தைப் பாருங்கள். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, கவண்கல் எங்கிருந்து வரும், பாம்பு எங்கே, வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது, இரவில் எங்கே தங்குவது என்று ஒரு முழுப் பாதை ஆய்வறிக்கை அது. நடந்தவர் சொல்ல, நடக்கப் போகிறவர் கேட்கிற அறிக்கை. கன்சல்டன்ட் காரில் வந்து எழுதியது அல்ல.

இதை நடைமுறையாக்குவது கஷ்டமில்லை. ஜனங்கள் நடந்து நடந்து புல் தேய்ந்த ஒற்றையடித் தடம் ஏற்கனவே ஒரு வரைபடம்தான். பேவர் கல்லை அதன்மேல் போட வேண்டும், அதற்கு எதிராக அல்ல. எங்கள் ஏரியில் பாதை வளைந்து போகிறது, ஜனங்கள் வேலிக் கம்பியை வளைத்து நேராகப் போகிறார்கள். 'டிசிப்ளின் இல்லாத ஜனம் சார்' என்றார் பொறியாளர். வளைந்தது கம்பியல்ல, வரைபடத்தின் தப்பு என்று அவருக்குச் சொல்ல ஆசைப்பட்டேன்; சொல்லவில்லை. பாவம், அவரும் மேலிடத்து நெருக்கடியில் இருந்தார். மார்ச்சுக்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும்.

மனுவில் 'பாதை வேண்டாம்' என்று எழுதக் கூடாது என்று வாதாடி, கடைசியில் நாலு பேரைச் சம்மதிக்க வைத்தேன். பாதை வடகரையில், மில் சுவரை ஒட்டி வரட்டும். சுவர் சர்வே கல்லுக்குப் பின்னால் போகட்டும். தென்கரை வீடுகளிலிருந்து அதற்கு ஒரு நடைப்பாலம் வேண்டும். ஆஸ்பத்திரி வரை விட்டுப்போன துண்டு முதலில் வேண்டும். மூன்றாவது பட்டையில் கடைகளுக்கு இடம் வேண்டும். எழுதும் முன் நாமே ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலிருந்து மதகுமேல் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டோம். காலையில் ஏரிப் பாதையில் நல்ல கூட்டம். ஷூ சத்தம், செல்போனில் பக்திப் பாட்டு. எட்டு மணியோடு அது ஓய்ந்தது. பகல் ஒரு மணிக்குப் பாதையில் ஒரு ஆள் இல்லை. எதிர்ப்பக்கம், சாலைக்கு அந்தப் பக்கமுள்ள சுவர் அந்நேரத்துக்கு ஒன்றரை அடி அகலத்துக்கு நிழல் விட்டிருந்தது. அந்த நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, சாக்கடை மூடிகளின் மேல் கால்வைத்து ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தோழர் ஒருவர் டேப் எடுத்துக்கொண்டு போய் நிழலை அளந்தார். அந்த அளவையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.